அத்தியாயம் 6: ஷாக் அடித்த பிறகு வரும் வலி, மறதி, கோபம்

மின்சாரம் தாக்கிப் பிழைத்தவர்களுக்காகவும் அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களுக்காகவும் எழுதப்பட்ட அத்தியாயம் இது. முதலுதவி, தீக்காயம், அறுவைச் சிகிச்சை எல்லாம் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தையல் பிரித்தாயிற்று. வீட்டுக்கு வந்து சில மாதங்களும் ஆகிவிட்டன. பார்ப்பவர்கள் "இப்போ நல்லாத்தானே இருக்கே?" என்கிறார்கள். உங்களுக்கோ தோளிலிருந்து விரல் நுனி வரை எரிகிறது. காலையில் சொன்னது மதியம் மறந்துபோகிறது. சின்ன விஷயத்துக்கும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

இந்த மூன்றும் ஒரே காயத்தின் கிளைகள். தீராத வலி கவனத்தைக் குலைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், மனத்தைக் கீழே தள்ளும். மனம் தளர்ந்தால் வலி இன்னும் கூடும். இதில் உங்கள் குணத்தின் குற்றம் எதுவும் இல்லை. சிகிச்சை உண்டு. ஆனால் வலியைத் தனியாகவும் மனத்தைத் தனியாகவும் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

நம் பக்கத்தில் யாருக்கு இது நேர்கிறது

1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது முதல் சென்னையின் மேற்குப் பகுதி இயந்திரங்களோடு வாழ்கிறது. அம்பத்தூரில் லேத்துப் பட்டறைகளும் பிரஸ் ஷாப்புகளும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அதைச் சுற்றிய சிறு பட்டறைகளும். பூந்தமல்லியை அடுத்துத் திருமழிசைத் தொழிற்பேட்டை. இவற்றுக்கு நடுவே திருவேற்காடு, அய்யப்பன்தாங்கல், பட்டாபிராம் என எங்கும் எழும்பும் அடுக்குமாடிகள். மழைக்காலத்தில் கொரட்டூரிலும் பட்டரவாக்கத்திலும் தண்ணீர் தேங்குகிறது. ஈரக் கையோடு சம்ப் மோட்டார் சுவிட்சைப் போடுபவர் வீட்டில் இருக்கும் அம்மாவாகவோ தாத்தாவாகவோ இருக்கலாம். பட்டறை ஹெல்பர், வயர்மேன், வெல்டர், ஏ.சி. மெக்கானிக், சென்ட்ரிங் வேலையில் கம்பி தூக்குபவர், மின்கம்பம் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளி என்று பாதிக்கப்படுவோர் பட்டியல் நீளும்.

மின்விபத்து என்றால் நாம் இறந்தவர்களைத்தான் எண்ணுகிறோம். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தார்கள். அந்த எண் எல்லோர் நினைவிலும் நின்றது. அதே இடத்தில் காயத்தோடு பிழைத்தவர்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பிழைத்தவர்களின் போராட்டம் விபத்துக்கு மறுநாள் தொடங்குகிறது. செய்தி அதற்குள் முடிந்துவிடுகிறது.

உடம்புக்குள் என்ன நடந்தது

வீட்டு இணைப்பில் வருவது 230 வோல்ட். பட்டறையின் மூன்று ஃபேஸ் இணைப்பில் 415. தெருவோர உயரழுத்தக் கம்பியில் 11,000. மருத்துவர்கள் 1,000 வோல்ட்டை எல்லைக்கோடாக வைத்து, அதற்குக் கீழே உள்ளதைத் தாழ்அழுத்தக் காயம் என்கிறார்கள். அதற்காக "வெறும் வீட்டு கரண்ட்தானே" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தாழ்அழுத்த மின்சாரம் தாக்கி, மேலுக்கு எந்தக் காயமும் இல்லாமல், பல மாதம் வலியிலும் மறதியிலும் தவிப்பவர்கள் உண்டு.

காய்ந்த தோல் மின்சாரத்தைத் தடுக்கும். நரம்பும் ரத்தக் குழாயும் தசையும் எளிதில் கடத்தும். அதனால் மின்சாரம் நுழைந்த விரலிலும் வெளியேறிய பாதத்திலும் சிறு கரும்புள்ளிதான் தெரியும். உள்ளே போன வழியெல்லாம் சேதம் இருக்கும். விநாடிக்கு 100 முறை திசை மாறும் மின்னோட்டம் தசைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். "கரண்ட் பிடிச்சு இழுத்துடுச்சு, கையை விட முடியலை" என்று சொல்வது இதைத்தான். அந்த இறுக்கத்திலேயே தோள்மூட்டு நழுவலாம், முதுகெலும்பு நசுங்கலாம். சூட்டினால் வரும் சேதத்தோடு மின்விசையே உயிரணுவின் சவ்வில் துளையிடுகிறது என்பதை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரஃபேல் லீ போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தோல் ஆறிய பிறகும் நரம்பு ஆறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடிபட்ட நரம்பு, தொடுவதற்கு ஒன்றுமே இல்லாதபோதும் தானாகவே வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும். 3 மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தண்டுவடமும் மூளையும் வலிக்குப் பழகி, இன்னும் கூர்மையாகிவிடும். சட்டைக் கை உரசினாலும் மின்விசிறிக் காற்று பட்டாலும் வலிக்கும். கையோ விரலோ எடுக்கப்பட்டவர்களுக்கு இல்லாத விரலே வலிக்கும். இது கற்பனை இல்லை. அந்த விரலுக்கான இடம் மூளையில் அப்படியேதான் இருக்கிறது.

நரம்புத் தொல்லைகள் வாரங்களோ மாதங்களோ கழித்தும் தலைகாட்டலாம். கண்புரையும் அப்படியே தாமதமாக வரக்கூடியது. எனவே கண்ணையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். விபத்தின்போது உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, இதயம் சிறிது நேரம் நின்றிருந்தாலோ அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மறதிக்கு அதுவே நேரடிக் காரணமாக இருக்கலாம்.

வலி கவனத்தை எப்படித் தின்கிறது

லேத்தில் 20 ஆண்டு வேலை பார்த்த ஓர் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். வெர்னியரை வைத்து அளக்கிறார்: 24.36 மில்லிமீட்டர். மனத்தில் குறித்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் திரும்புகிறார். டயலில் கை வைக்கும்போது எண் காணாமல் போயிருக்கிறது. மறுபடி அளக்கிறார். இந்த முறை எண் நிற்கிறது, எவ்வளவு வெட்டு கொடுக்க வேண்டும் என்ற கழித்தல் வரவில்லை. முன்பு கை தானாகச் செய்த வேலை இது. பக்கத்து மெஷின்காரர் பார்த்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் தோராயமாக வெட்டுகிறார். பீஸ் ரிஜெக்ட் ஆகிறது. "எனக்கு மூளை குழம்பிடுச்சு" என்று முடிவுகட்டுகிறார்.

அவர் மூளை குழம்பவில்லை. ஆபத்து என்று அறிவிப்பதற்காகவே வலி உண்டாகிறது. வேறு எதையும் கவனிக்க விடாமல் தன் பக்கம் இழுப்பதுதான் அதன் இயல்பு. தொட்டிலில் குழந்தை ஓயாமல் அழுகிற வீட்டில் கணக்கு எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? கணக்குத் தெரியாமல் இல்லை; மனம் அதில் நிற்காது. வலியை அளவிடுவதிலும் கவனத்தையும் உணர்ச்சியையும் நடத்துவதிலும் மூளையின் முன்பகுதியில் பெரும்பாலும் அதே இடங்கள்தான் வேலை செய்கின்றன. வலிக்கு அவை நாள் முழுக்க வேலை செய்தால் மற்றதற்கு மிச்சம் குறைவு.

இது எப்படியெல்லாம் வெளிப்படும் என்று பாருங்கள்:

- ஒரு எண்ணையோ பெயரையோ சில விநாடிகள்கூட மனத்தில் பிடித்து வைக்க முடியாமை.
- இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய முடியாமை. டீ போடும்போது யாராவது பேசினால் பால் பொங்கி வழிந்துவிடும்.
- சொல்ல வந்த சொல் நாக்கு நுனியில் நின்றுபோவது.
- முன்பைவிட எல்லாவற்றுக்கும் நேரம் பிடிப்பது.
- படித்த பத்தியையே திரும்பப் படிப்பது. தொலைக்காட்சியில் கதை பிடிபடாமல் போவது.
- எதை முதலில் செய்வது என்று தெரியாமல் எதையுமே தொடங்காமல் இருப்பது.

சிகாகோ ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மின்காயம் பட்டவர்களைக் காயம் படாத எலக்ட்ரீஷியன்களோடு ஒப்பிட்டார்கள். காயம்பட்டவர்களுக்குக் கவனமும் மனவேகமும் கைத்திறனும் குறைந்திருந்தன. ஆகவே இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் இல்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இரண்டும் நார்மல் என்று வந்தாலும் தொல்லை உண்மையாக இருக்கலாம். அந்தப் படங்கள் மூளையின் உருவத்தைக் காட்டும். அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதைக் காட்டாது.

நம்பிக்கை தரும் செய்தியும் இதிலேயே இருக்கிறது. மறதிக்குப் பொதுவாக 5 காரணங்கள் சேர்ந்து நிற்கும்: வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, மாத்திரைகளின் மந்தம், மூளையில் நேரடிச் சேதம். முதல் நான்கையும் குறைக்க வழி உண்டு. அவை குறைந்தாலே சிந்தனை பெருமளவு தெளியும்.

மனத்தில் நடப்பது

முதலில் வருவது பெரும்பாலும் கோபம். பொறுமைக்கு வேண்டிய சக்தியை வலி காலையிலேயே செலவழித்துவிடுகிறது. குழந்தை நோட்டைக் கீழே போட்டால் கத்துகிறீர்கள். அடுத்த நிமிடம் குற்ற உணர்ச்சி. பிறகு பயம். சுவிட்சை நோக்கிப் போகும் கை பாதியில் நிற்கிறது. டிரான்ஸ்பார்மர் இரைச்சல் கேட்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறீர்கள். வயர் கருகும் வாடை வந்தால் வியர்க்கிறது. தூங்கும்போது உடம்பு தூக்கிப் போடுகிறது, விபத்து மறுபடி மறுபடி கண்ணுக்குள் ஓடுகிறது. ஒரு மாதத்துக்கு மேல் இவை நீடித்தால் அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு. அதற்கென்று பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு.

மூன்றாவது மனச்சோர்வு. சம்பளம் நின்றுபோய், மனைவி வேலைக்குப் போகத் தொடங்கி, மச்சானிடம் கடன் கேட்கும் நிலை வந்தால் "நான் பாரமாயிட்டேன்" என்ற எண்ணம் வேர்விடும். தொடர்ந்து 2 வாரம், நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருந்தாலோ, முன்பு பிடித்ததில் எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, பசியும் தூக்கமும் மாறினாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். வலியை அடக்கும் நரம்பு வழிகளும் மனநிலையைத் தாங்கும் வழிகளும் செரடோனின், நார்அட்ரினலின் என்ற அதே ரசாயனங்களைப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் ஒன்று சரிந்தால் மற்றதும் சரிகிறது. ஒன்றைத் தூக்கினால் மற்றதும் எழுகிறது.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வலி, மறதி, கோபம் மூன்றுமே மோசமான இரவுக்கு மறுநாள் கூடும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் தூக்கத்தைப் பிடியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள், ஷிப்ட் இல்லாவிட்டாலும். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்துங்கள். எரியும் கையைத் தலையணை மேல் சற்று உயர்த்தி வைத்துப் பாருங்கள். செல்போனைப் படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள்.

தூக்கத்துக்காக டாஸ்மாக் கடைக்குப் போகாதீர்கள். மது முதல் ஒரு மணி நேரம் கண்ணை மூட வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். ஏற்கெனவே அடிபட்ட நரம்பை மேலும் கெடுக்கும். கீழே சொல்லும் மாத்திரைகளோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கக்கூடும்.

மாத்திரைகள்: உதவுவதும் மந்தமாக்குவதும்

மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகை மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரிதாகப் பலிக்காது. தினமும் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். மின்காயத்தில் சிதைந்த தசையின் கழிவு ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கலாம் என்பதால் உங்களுக்கு ஆபத்து இரட்டிப்பு.

நரம்பு வலிக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் தருபவை அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின், கபாபென்டின், பிரிகாபலின். முதல் இரண்டும் மனச்சோர்வு மாத்திரை என்ற பெயரில் கடையில் இருப்பவை. "எனக்கு என்ன பைத்தியமா?" என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். குறைந்த அளவில் அவை வலி நரம்பையே அமைதிப்படுத்துகின்றன. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். அமிட்ரிப்டிலின் தொடங்கும் முன், மின்சாரம் தாக்கியபோது இதயத் துடிப்பில் கோளாறு இருந்ததென்றால் சொல்லுங்கள், ஈ.சி.ஜி. பார்த்துவிட்டுத் தருவார்கள். கபாபென்டினும் பிரிகாபலினும் தலைசுற்றலும் மந்தமும் தரலாம். மறதி அவற்றைத் தொடங்கிய பிறகு கூடியிருந்தால் அதைத் தேதியோடு குறித்துச் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

டிரமடால், டேபென்டடால் போன்றவை பழக்கமாகிவிடும் தன்மை உடையவை. மருத்துவர் எழுதிய அளவுக்கும் நாளுக்கும் மேல் அவற்றைத் தொடாதீர்கள். நண்பர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

"கரண்ட் வைப்பாங்க" என்ற பயம்

பிசியோதெரபிக்குப் போனால் வலிக்கும் இடத்தில் பட்டையை ஒட்டி மெல்லிய மின்துடிப்பு தருவது வழக்கம். அதை எல்லோரும் "கரண்ட் வைக்கிறது" என்றுதான் சொல்கிறோம். மின்சாரம் தாக்கியவரை அந்தக் கட்டிலில் படுக்கவைத்து, ஒன்றும் சொல்லாமல் சுவிட்சைப் போட்டால் அவர் துள்ளி எழுந்து வெளியே போய்விடுவார். அதற்குப் பிறகு பிசியோதெரபி பக்கமே வரமாட்டார். நரம்புக் கடத்தல் சோதனையிலும் சிறு ஷாக் போன்ற துடிப்புகள் தருவார்கள். எனவே உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: "எனக்கு கரண்ட் அடிச்சுதான் இந்த வலி. கரண்ட் வைக்கணும்னா முன்னாடியே சொல்லுங்க. பயமா இருந்தா நிறுத்தணும்." சோதனை நோய் கண்டுபிடிக்கத் தேவையானது, சொல்லிவிட்டுச் செய்தால் தாங்கிக்கொள்ளலாம். சிகிச்சையில் மின்துடிப்பு கட்டாயமில்லை. உடற்பயிற்சி மட்டுமே போதும் என்று கேட்டு வாங்கலாம். உணர்ச்சி மரத்த இடத்தில் சுடுநீர் ஒத்தடம், மெழுகு ஒத்தடம் வைத்தால் சூடு தெரியாமல் புண்ணாகிவிடும். இதையும் சொல்லி வையுங்கள்.

வலி நோட்டு

மருத்துவரின் முன் உட்காரும் சில நிமிடங்களில் எல்லாம் மறந்துபோகும். அதற்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். தினமும் இரவு 5 வரி:

- வலி எத்தனை: 0 முதல் 10 வரை, காலை, மாலை இரண்டு எண்.
- எப்படிப்பட்ட வலி: எரிச்சலா, சுள்ளென்று வெட்டுவதா, குடைச்சலா, மதமதப்பா, தொட்டாலே கூசுவதா.
- எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை முறை விழிப்பு.
- இன்று எதை மறந்தேன் அல்லது எதில் தவறு செய்தேன்.
- மனம் எப்படி இருந்தது, என்ன மாத்திரை சாப்பிட்டேன்.

மாதிரிக்கு ஒரு நாள்: "காலை 5, மாலை 8. வலது முன்கை எரிச்சல், சுண்டுவிரலில் வெட்டு. தூக்கம் 4 மணி, 3 முறை விழிப்பு. கேஸ் அடுப்பை அணைக்க மறந்தேன். மகனைத் திட்டினேன். இரவு மாத்திரை ஒன்று." எரிச்சல், வெட்டு, மதமதப்பு என்றால் நரம்பு வலி, அசைத்தால் மட்டும் குடைவது என்றால் மூட்டு, தசை வலி. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே "வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்தாமல் உங்கள் வாயில் இயல்பாக வரும் சொல்லையே சொல்லுங்கள். எழுதக் கை வராவிட்டால் வீட்டில் ஒருவர் எழுதலாம், செல்போனில் பேசிப் பதியலாம்.

எங்கே போவது

*அருகில் உள்ள அரசு மருத்துவமனை.* அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று புறநோயாளி பிரிவில் கேளுங்கள்.

*கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.* பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேராக வந்தால் வரும். தீக்காய சிகிச்சைக்கு மாநிலமே நாடும் இடம். தழும்பு இறுக்கம், தோல் ஒட்டு, தொடர் வலி எல்லாவற்றுக்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு போங்கள்.

*ஸ்டான்லி மருத்துவமனை, வண்ணாரப்பேட்டை.* கை அறுவைச் சிகிச்சைக்கும் கை மறுவாழ்வுக்கும் பேர்போனது. திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் 2015இல் வேலையின்போது மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்தார். 2018 பிப்ரவரி 7 அன்று இங்கேதான் அவருக்கு இரண்டு கைகளும் மாற்றிப் பொருத்தப்பட்டன. தமிழ்நாட்டில் அதுவே முதல் முறை. அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் பயிற்சி தொடர்ந்தது. பின்னர் அதே மருத்துவமனையில் அவருக்கு வேலையும் கிடைத்தது. கையைப் பொருத்தியது ஒரு நாள் வேலை. அதைத் தன் கையாக்கியது நீண்ட பயிற்சி. உங்கள் சிகிச்சைக்கும் இதுவே கணக்கு.

*அரசு மனநலக் காப்பகம், கீழ்ப்பாக்கம்.* 1794 முதல் இயங்கிவரும் நிறுவனம். இங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். மனநல மருத்துவரிடம் போனால் "கரண்ட் வெச்சுடுவாங்க" என்று பயப்படுபவர்களுக்கு: வலியோடு வந்த மனச்சோர்வுக்குப் பேச்சும் மாத்திரையும்தான் வழக்கமான சிகிச்சை.

*ஈ.எஸ்.ஐ.* அட்டை உள்ளவர்களுக்கு உள்ளூர் மருந்தகம் வழியாக அயனாவரம், கே.கே. நகர் மருத்துவமனைகள்.

*வீட்டிலேயே.* 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்குப் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். பகுதி சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள்.

ஒரு நாளைப் பங்கிடுதல்

வலி குறைந்த நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்பது எல்லோரும் செய்யும் தவறு. வலி எவ்வளவு என்று பார்த்து நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். 20 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நல்ல நாளிலும் அதேதான். வாரத்துக்கு வாரம் சில நிமிடங்கள் கூட்டுங்கள். தினமும் நடங்கள், ஏரிக்கரையோ மொட்டை மாடியோ எதுவானாலும் சரி. வலிக்கும் கையைத் துணியில் கட்டிப் பொத்தி வைக்காதீர்கள். பயன்படுத்தாத கை இன்னும் விறைக்கும், இன்னும் வலிக்கும். பஞ்சு, பட்டுத் துணி, பருத்தித் துணி என்று மெல்லத் தடவிப் பழக்கினால் கூச்சம் குறையும். இல்லாத விரலோ கையோ வலிப்பவர்கள் கண்ணாடிப் பயிற்சி பற்றிப் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

மறதிக்கு நினைவை நம்பாதீர்கள், பழக்கத்தை நம்புங்கள். சாவி, பர்ஸ், மாத்திரை மூன்றுக்கும் ஒரே இடம். கணக்கு, பேங்க், தாலுகா அலுவலக வேலைகளை வலி குறைவான காலை நேரத்தில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. அடுப்புக்கு செல்போனில் அலாரம். அளவுகளை உடனே சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

வேலையும் உரிமையும்

கவனம் சிதறும் நிலையில் பிரஸ், கிரேன், கம்பம், சாரம் ஆகியவற்றின் பக்கம் போனால் இரண்டாவது விபத்து நேரும். பேக்கிங், ஸ்டோர், சோதனை மேசை போன்ற பணியைக் கொஞ்ச காலத்துக்குக் கேளுங்கள். குறைந்த நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போவது நல்லது. மந்தம் தரும் மாத்திரை சாப்பிடும் நாளில் பைக் ஓட்டாதீர்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்பது 2017 ஜனவரி முதல் வந்த வரம்பு. வேலையில் ஏற்பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, சம்பளத்தில் 90 சதவீதம் உதவித்தொகை உண்டு. நிரந்தர ஊனத்தின் அளவை மருத்துவக் குழு தீர்மானித்து மாதாமாதம் தொகை வரும். இதற்கெல்லாம் அடிப்படை, முதலாளி அனுப்பும் விபத்து அறிக்கை. "ஆஸ்பத்திரி செலவை நாங்க பாத்துக்கிறோம், எழுதிக் குடுக்க வேணாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் 2 ஆண்டுக்குள் மனு தர வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரிய அட்டையோடு விபத்து உதவி கேட்கலாம்.

குழுவின் முன் போகும்போது கையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மறதி, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றை மருத்துவர் சீட்டில் எழுத்தில் வாங்கிச் சேருங்கள். எழுத்தில் இல்லாத வலிக்குக் கணக்கு இல்லை. வலி நோட்டு இங்கேயும் சாட்சி சொல்லும்.

வீட்டாருக்கு

"என்னங்க, இதைத்தானே காலையிலயும் சொன்னேன்" என்ற சொல் உண்மைதான். ஆனாலும் அது குத்தும். அதற்குப் பதில் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் பேசுங்கள், டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். வலி கூடிய மாலையில் கடன், பள்ளிக் கட்டணம், சொந்தக்காரர் சண்டை வேண்டாம். எல்லா வேலையையும் அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். காய் நறுக்குவதோ குழந்தைக்குப் பாடம் சொல்வதோ, அவரால் முடிந்த ஒன்று அவருடையதாகவே இருக்கட்டும். "நடிக்கிறான்" என்று உறவினர் யாராவது சொன்னால் நீங்கள் பதில் சொல்லுங்கள். அதை அவரிடம் விட்டுவிடாதீர்கள். கோபம் அடியாக மாறினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றே மருத்துவரிடம் சொல்லி உதவி கேளுங்கள். நீங்களும் களைத்துப்போவீர்கள். வாரத்தில் ஒரு மாலை வேறொருவர் கவனித்துக்கொள்ள, நீங்கள் வெளியே போய் வாருங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

புதிதாகக் கால் வலுவிழத்தல், சிறுநீர் அடக்க முடியாமை, வலிப்பு, மயக்கம், நெஞ்சு படபடப்பு, திடீர்க் குழப்பம் இவற்றில் ஏதேனும் வந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

"செத்துட்டா நல்லாருக்கும்" என்ற எண்ணம் வந்தால், அல்லது வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால், அதைப் பேச்சுவாக்கில் சொன்னது என்று தள்ளாதீர்கள். தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் எடுத்துப் பூட்டி வையுங்கள். டெலி மனாஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் கூப்பிடலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா: 044-24640050.

இந்த அத்தியாயத்தை மூடிவைக்கும் முன் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். ஒரு நோட்டை எடுத்து இன்றைய 5 வரிகளை எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது வலியைச் சொன்ன கையோடு "எனக்கு மறதி இருக்கு, கோபம் வருது, மனசு சரியில்லை" என்ற மூன்றையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். காயத்தோடு சேர்ந்து வந்தவை காயத்தோடு சேர்த்தே கவனிக்கப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு முழு உரிமை உண்டு.